கட்டுரையைப் படித்தது யார்?

கும்பகோணத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. கலைக் கல்லூரி, இன்ஜினியரிங் கல்லூரி, பெண்கள் கல்லூரி என்று வகைக்கு நாலு இருக்கின்றன. தாராசுரத்தில் பஸ் ஏறி எந்தப் பக்கம் போனாலும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஏதாவது ஒரு வாசலில் ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ என்று பிளக்ஸ் பேனர் தொங்கும். பேனரில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை எல்லாம் இருக்கும். வந்த கட்டுரைகளைப் படித்துப் பார்த்து, ‘இது தேறும், இது தேறாது’ என்று சொன்னவர் யார் என்பது மட்டும் எதிலும் இருக்காது.

பேனரில் போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அப்படி ஒருவர் உண்டா என்பதுதான் என் கேள்வி.

என் பெரியம்மா மகள் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருக்கிறார். மூன்று மாதம் உழைத்து ஒரு கட்டுரை எழுதி, ஒரு கருத்தரங்குக்கு இமெயிலில் அனுப்பினார். பதிவுக் கட்டணம் அவருடைய நாலு நாள் சம்பளம். கட்டிய ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று மாலையே, ‘தங்கள் கட்டுரை ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரி பதில் வந்தது. தொகுப்பு நூல் கைக்கு வந்தபோது, பாண்ட் மாறிப்போய் கட்டுரையில் பாதி கட்டம் கட்டமாக அச்சாகியிருந்தது. அச்சுக்குப் போகும் முன் யாராவது ஒருமுறை கண்ணை ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். அக்காவுக்கு வருத்தம் அச்சைப் பற்றி அல்ல. “நல்லா இல்லைன்னாவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல தம்பி” என்றார்.

எங்கள் ஊர் பட்டுத் தறிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் நிலைமை மேல். புடவையை இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குபவர் விரித்துப் பார்ப்பார். இழை விட்ட இடத்தை விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் கூலியில் கை வைப்பார். கோபம் வரும், ஆனால் காரணம் தெரியும்.

ஆராய்ச்சி உலகில் இதற்குப் பெயர் ‘பியர் ரிவ்யூ’. அதே துறையில் இருக்கும் இரண்டு மூன்று பேர் கட்டுரையைப் படித்து, நிறை குறைகளை எழுதி, மதிப்பெண் போட்டு, ஏற்கலாமா வேண்டாமா என்று பரிந்துரைப்பது. இதை ஒழுங்காக நடத்துவதற்கென்றே ஆன்லைன் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. அவற்றில் சில இலவசம். இருந்தும் நம் பக்கத்துக் கருத்தரங்குகளில் பல, ஒரு ஜிமெயில் முகவரி, ஒரு எக்செல் பைல், ஒரு வாட்ஸ்அப் குரூப் என்ற மூன்றை வைத்துக்கொண்டே காலம் தள்ளுகின்றன. இது மாற வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. எட்டாவது உலகத் தமிழ் மாநாடு தஞ்சாவூரில் நடந்தது 1995 ஜனவரியில். வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல். அதாவது, நம் ஊரின் மிகப் பெரிய மாநாடு இன்டர்நெட்டுக்கு ஏழு மாதம் முந்தியது. அன்று தபால், டைப்ரைட்டர், ஜெராக்ஸ் தவிர வேறு வழியில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு முப்பது வருடம் ஓடிவிட்டது.

இந்த முப்பது வருடத்தில் என்ன வந்தது? 1999-ல் ‘கே.டி.டி.’ என்ற கம்ப்யூட்டர் மாநாட்டுக்காக, மைக்ரோசாப்டில் இருந்த சுரஜித் சௌத்ரி ஒரு புரோகிராம் எழுதினார். அதுதான் வளர்ந்து ‘சி.எம்.டி.’ ஆனது. இன்றும் கல்வி மாநாடுகளுக்கு அதைக் கட்டணமில்லாமல் தருகிறார்கள். 2002-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆந்த்ரேய் வொரன்கோவ் உருவாக்கியது ‘ஈஸிசேர்’. நம் நாட்டுப் பேராசிரியர்களுக்கு அதிகம் பழக்கமான பெயர் இதுவாகத்தான் இருக்கும். 2006-ல் எட்டி கோலர் எழுதிய ‘ஹாட் சி.ஆர்.பி.’ ஓப்பன் சோர்ஸ், பி.எச்.பி., மை எஸ்.க்யூ.எல். தெரிந்த ஒரு கல்லூரி மாணவன் தன் லேபிலேயே இன்ஸ்டால் செய்துவிடலாம். 2013-ல் வந்த ‘ஓப்பன்ரிவ்யூ’ இன்னும் ஒரு படி மேலே போய், மதிப்புரைகளையே உலகம் பார்க்கும்படி வெளியிட வழி செய்தது.

இவை என்ன செய்கின்றன?

கட்டுரையைப் பதிவேற்றியதும் அதற்கு ஒரு நம்பர் விழுகிறது. ‘வரவே இல்லையே சார்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கடைசித் தேதி தாண்டினால் கதவு தானாக மூடிக்கொள்கிறது. துறைத் தலைவரின் மாணவருக்கு மட்டும் இரண்டு நாள் கூடுதலாகத் திறக்க வேண்டும் என்றால், அதை ஒருவர் உள்ளே நுழைந்து மெனக்கெட்டுத் திறக்க வேண்டும். பிறகு ‘பிட்டிங்’ என்று ஒரு கட்டம். மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்கள் தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்து, ‘இது எனக்குத் தெரிந்த விஷயம், படிக்கிறேன்’, ‘இது வேண்டாம்’ என்று குறிக்கிறார்கள். யாருக்கு எது என்று சாப்ட்வேர் பிரித்துக் கொடுக்கிறது. கல்வெட்டுக்காரரிடம் நாட்டுப்புறப் பாடல் போய்ச் சேராது. ஒருவர் தலையில் முப்பது கட்டுரையைக் கட்டிவிட்டு இன்னொருவர் சும்மா இருக்கவும் முடியாது.

அடுத்துதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ‘கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு பட்டியல் கேட்பார்கள். இந்தக் கட்டுரையாளர் உங்கள் மாணவரா, உங்கள் கல்லூரியா, உங்களுடன் சேர்ந்து எழுதியவரா, உறவா? ஆம் என்றால் அந்தக் கட்டுரையின் மதிப்பெண்ணும் விவாதமும் உங்கள் திரையில் வராது. மாநாட்டுத் தலைவரே கட்டுரை அனுப்பினாலும், அதை யார் மதிப்பிடுகிறார்கள் என்பதை அவருக்குக் காட்டாமல் மறைக்க இந்தச் சாப்ட்வேர்களில் வழி இருக்கிறது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் ஆள் எடுக்கும் விதிகள் அவற்றில் இருக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவர் மட்டுமல்ல, சித்தி மக்கள், பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள் என்று முறை சொல்லி அவருடைய சொந்தங்களையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் வரக்கூடாது. இன்றைய கருத்தரங்கக் குழு ஒன்றுக்கு இந்த விதிகளைப் போட்டுப் பார்த்தால் மேடையில் எத்தனை நாற்காலி மிஞ்சும் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, முடிவு. ஏற்கப்பட்டதோ இல்லையோ, மதிப்பீட்டாளர்கள் எழுதிய குறிப்புகள் பெயர் நீக்கப்பட்டுக் கட்டுரையாளருக்குப் போகின்றன. என் அக்கா கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இந்த ஒரு காகிதத்துக்கு என்ன மதிப்பு என்று கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டவுன் ஹைஸ்கூலில் படித்த ராமானுஜன், சென்னை துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தபோது, தன் கணக்குகளைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்குத் தபாலில் அனுப்பினார். பேக்கர், ஹாப்சன் என்ற இருவரிடம் பலன் கிடைக்கவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி, லிட்டில்வுட்டையும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். பிப்ரவரியில் பதில் போட்டார். வெறும் பாராட்டு அல்ல அது. உங்கள் முடிவுகளில் ஏற்கெனவே தெரிந்தவை சில, புதியவை ஆனால் அவ்வளவு முக்கியமில்லாதவை சில, புதியதும் முக்கியமானதும் சில என்று வகை பிரித்து, நிரூபணம் அனுப்புங்கள் என்று கேட்டார். ரிவ்யூ என்றால் அதுதான் ரிவ்யூ. அந்தப் பதில் ‘தங்கள் கடிதம் ஏற்கப்பட்டது’ என்று ஒரு வரியில் வந்திருந்தால் ராமானுஜனுக்கு என்ன பயன்?

சரி, சாப்ட்வேர் போட்டுவிட்டால் எல்லாம் நேராகிவிடுமா? ஆகாது. 2005-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்கள் மூவர், ‘சைஜென்’ என்ற புரோகிராம் எழுதி, பொருளே இல்லாத கம்ப்யூட்டர் கட்டுரை ஒன்றை உற்பத்தி செய்து ஒரு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! 2014-ல் ஸ்பிரிங்கரும் ஐ.ஈ.ஈ.ஈ.யும் இப்படி மெஷின் எழுதிய 120-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தங்கள் தொகுப்புகளிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. படிக்க ஆள் இல்லாவிட்டால் எந்தச் சாப்ட்வேரும் படிக்காது.

நம் நாட்டில் கருத்தரங்குகள் காளான் மாதிரி முளைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. யு.ஜி.சி. 2010-ல் கொண்டுவந்த விதிகளில், ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கு வந்தது. கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இத்தனை புள்ளி. புள்ளி வேண்டும் என்றால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டும் என்றால் கருத்தரங்கம் வேண்டும். இந்த ஓட்டத்தில், ‘நிராகரிக்கிறோம்’ என்று சொல்வது நடத்துபவருக்கும் நஷ்டம், எழுதியவருக்கும் நஷ்டம். ஆகவே யாரும் சொல்வதில்லை. சாப்ட்வேரைப் போட்டாலும், உள்ளே எல்லாருக்கும் பத்துக்கு எட்டு போட்டு அனுப்பினால் யார் கேட்பார்கள்?

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எட்டு மதிப்பெண் போட்டவர் யார், எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை வரி எழுதினார் என்பது பதிவாகியிருக்கும். 80 கட்டுரைக்கும் ஒரே இரவில் ‘நன்று’ என்று போட்டிருந்தால் அது மாநாட்டுத் தலைவரின் கண்ணில் படும். வாட்ஸ்அப் குரூப்பில் அது மேலே உருண்டு போய்விடும்.

தமிழ்க் கட்டுரைக்கு வரும் தலைவலிகள்

இந்தச் சாப்ட்வேர்களை எழுதியவர்கள் யாரும் நம்மை மனதில் வைத்து எழுதவில்லை. முதல் இடறல் பெயரிலேயே. முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று பாரம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? கே. செல்வி என்பவர், கடைசிப் பெயர் இடத்தில் அப்பா பெயரான கந்தசாமியைப் போடுகிறார். தொகுப்பில் ‘கந்தசாமி, எஸ்.’ என்று வருகிறது. அதைப் பார்த்து இன்னொருவர் மேற்கோள் காட்டும்போது ‘கந்தசாமி கூறுவது போல’ என்று எழுதுகிறார். ஆராய்ச்சி செய்தது மகள், பேர் வாங்குவது அப்பா! இதற்கு ஒரு வழி: உங்கள் சொந்தப் பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்திலும், இனிஷியலை முதல் பெயர் கட்டத்திலும் போடுங்கள். ஈஸிசேரில் முதல் பெயர் கட்டத்தைக் காலியாகவே விடலாம். எல்லாக் கட்டுரைக்கும் ஒரே மாதிரி போடுவது முக்கியம்.

இரண்டாவது, எழுத்தின் எண்ணிக்கை. யுனிகோடில், ‘கொ’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ‘க’ ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. யு.டி.எப்.-8 முறையில் சேமித்தால் ஆறு பைட். பைட்டை எண்ணும் பாரத்தில் தமிழ்ச் சுருக்கத்தை ஒட்டினால் மூன்றில் ஒரு பங்கு நுழைந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். ‘இங்கிலீஷில் அனுப்புங்கள்’ என்பார்கள். தேவாரம் பற்றிய கட்டுரைக்கு இங்கிலீஷ் சுருக்கம் எதற்கு?

மூன்றாவதுதான் பெரிய வியாதி: பாண்ட். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 கீபோர்டும், டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2010-ல் தமிழக அரசு யுனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்குப் பிறகும் தமிழ்த் துறைகள் சிலவற்றில் பாமினி பாண்டில் அடித்து அனுப்பும் வழக்கம் போகவில்லை. பாமினியில் அடித்த பைல், கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தமிழே இல்லை. தாறுமாறான ஆங்கில எழுத்துகள். தேடினால் கிடைக்காது. காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேரில் போட்டால், ‘எங்கும் காப்பி இல்லை, சுத்தம்’ என்று ரிப்போர்ட் வரும். ஏற்கெனவே வந்த நூலிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்திருந்தாலும் அதே ரிப்போர்ட்தான். இந்த ஓட்டை எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே கருத்தரங்கு நடத்துபவர்கள் முதல் விதியாக ‘யுனிகோட் மட்டும்’ என்று போட வேண்டும். மாற்றுவதற்குக் கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொரு சின்ன விஷயம், வீட்டில் கட்டுரை அடிப்பவர்களுக்காக. பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால், முதல் பக்கத்தில் பெயரை அழித்தால் மட்டும் போதாது. வேர்டு பைலுக்குள் ‘ஆதர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் உட்கார்ந்திருக்கும். வேர்டில் பைல் மெனு, இன்ஃபோ, அதில் ‘இன்ஸ்பெக்ட் டாகுமென்ட்’ என்று போய் நீக்கிவிட்டுப் பிறகு பி.டி.எப். ஆக்குங்கள்.

மூத்த பேராசிரியர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். ‘தமிழாராய்ச்சி சின்ன உலகம் தம்பி. நாலு வரி படித்தால் யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பெயரை மறைத்து என்ன?’ பாதி உண்மை. பழைய கைகளை அடையாளம் கண்டுவிடுவார்கள். புதிதாக எழுத வரும் கை யாருக்கும் தெரியாதே. பெயர் மறைப்பதால் பலன் அவர்களுக்குத்தான். மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து வரும் கட்டுரையும், பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கட்டுரையும் ஒரே மாதிரி நம்பராகப் போய் நிற்கும்.

‘அனுபவம் உள்ளவர் ஒருவர் பார்த்தால் போதாதா?’ என்றும் கேட்கிறார்கள். போதாது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 2014-ல் ‘நிப்ஸ்’ என்ற மாநாட்டில் ஒரு சோதனை செய்தார்கள். வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை, 166 கட்டுரைகளை, ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு குழுக்களிடம் கொடுத்தார்கள். நாலில் ஒரு பங்குக் கட்டுரைகளில் இரு குழுக்களும் வேறு வேறு முடிவுக்கு வந்தன. ஒரு குழு ஏற்ற கட்டுரைகளில் பாதிக்கு மேல் மற்றக் குழுவிடம் தோற்றுப்போயின. உலகத்தின் முன்னணி மாநாட்டிலேயே இந்த நிலை என்றால், ஒரே ஒருவரின் தலையசைப்பை வைத்து முடிவு செய்வது லாட்டரிதான். அந்தச் சோதனையை அவர்களால் செய்ய முடிந்ததே, எல்லாம் சாப்ட்வேரில் பதிவாகியிருந்ததால். நம் கருத்தரங்குகளில் எத்தனை தவறு நடக்கிறது என்று எண்ணிப் பார்க்கக்கூட வழியில்லை.

ஏ.ஐ. வந்த பிறகு புதுச் சிக்கலும் வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர்கள் சிலர் கட்டுரையை ஏ.ஐ.யிடம் கொடுத்து ரிவ்யூ எழுதச் சொல்கிறார்கள். அதற்கு எதிர்வேலையாகச் சில கட்டுரையாளர்கள், வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாக, ‘நல்லதாக மட்டும் எழுது’ என்று ஏ.ஐ.க்குக் கட்டளை ஒளித்து வைத்தார்கள். ஜப்பானின் நிக்கேய் பத்திரிகை 2025 ஜூலையில் இப்படி 17 கட்டுரைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டது. எழுதியதும் மெஷின், படித்ததும் மெஷின் என்று ஆகிவிட்டால் நடுவில் மண்டபமும் மதியச் சாப்பாடும் எதற்கு?

2022 டிசம்பரில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உத்தமம் அமைப்பின் தமிழ் இணைய மாநாடு நடந்தது. 1997-ல் சிங்கப்பூரில் ஆரம்பித்த வரிசை அது. கம்ப்யூட்டரில் தமிழுக்கு வழி செய்ய உலகம் முழுதும் இருந்து கூடுபவர்கள். மாநாடு நடத்தும் சாப்ட்வேருக்கே ஒரு தமிழ் முகம் கொடுப்பது இவர்கள் கையில் எடுக்க வேண்டிய வேலை என்று நினைக்கிறேன். இனிஷியலை மதிக்கும் பாரம், எழுத்தை எழுத்தாக எண்ணும் கவுண்டர், அகர வரிசையில் சரியாக அடுக்கும் பட்டியல், பாமினியில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் சோதனை. இவற்றில் எதுவும் ராக்கெட் சயின்ஸ் அல்ல. ஹாட் சி.ஆர்.பி. ஓப்பன் சோர்ஸ் என்பதால், யார் அனுமதியும் கேட்காமல் இதையெல்லாம் செய்யலாம்.

அதுவரை, கட்டுரை அனுப்பும் ஆசிரியர்களும் மாணவர்களும் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் யார் யார்? எத்தனை பேர் என் கட்டுரையைப் படிப்பார்கள்? அவர்கள் எழுதும் குறிப்பு எனக்கு வருமா? பதில் சொல்லாமல் அக்கவுண்ட் நம்பரை மட்டும் அனுப்பினால், அந்தப் பணத்தில் நாலு புத்தகம் வாங்கலாம்.

கம்ப்யூட்டர் பழக்கமில்லாத மூத்த அறிஞர்களை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குக் கட்டுரையைப் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள், பேனாவால் எழுதித் தரட்டும், ஒரு மாணவர் அடித்து ஏற்றட்டும். ஆனால் ஏற்றுவது அந்த அறிஞரின் சொந்த லாகினில், அவர் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகு.

என் பங்குக்கு ஒன்று. டெல்டா மாவட்டங்களில் எந்தக் கல்லூரியாவது அடுத்த கருத்தரங்கை இப்படி நடத்த முன்வந்தால், பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, ஹாட் சி.ஆர்.பி. இன்ஸ்டால் செய்து, இரண்டு சனி ஞாயிறு வந்து உட்கார்ந்து பழக்கிக் கொடுக்க நான் தயார். கூலி வேண்டாம். ஒரு நிபந்தனை உண்டு: நிராகரிக்கப்பட்ட கட்டுரைக்கும் குறிப்பு போக வேண்டும். குறைந்தது பத்து வரி.